பஃப் கைக்கு நான் போட்ட ஹார்ட்

அரசியல் பேசாதே என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். வீட்டில் சொன்னார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். முகம் தெரியாத ஒரு டெலிகிராம் குழுவின் அட்மினும் சொன்னார். யார் சொன்னதையும் நான் கேட்கவில்லை. ஆனால் பேசியே தீர வேண்டிய ஒரு நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, சுவரில் கொடி கட்டித் தொங்கவிட்ட ஜாக்கெட்டுகள். என் வீட்டுக்காரர் தறி செட்டில், அதாவது விசைத்தறிக் கூடத்தில், மேஸ்திரி. காலையில் போனால் மூன்று மணிக்கு மேல்தான் வருவார். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் மெஷினும்தான். தெருவில் எந்நேரமும் தறிச் சத்தம். வாசலில் யாராவது நின்று கூப்பிட்டால்கூடச் சில நேரம் காதில் விழாது.

ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுவது எனக்குச் சரியாக வரவில்லை என்றுதான் அந்த டெலிகிராம் குழுவில் சேர்ந்தேன். தையல்காரர்களுக்கான குழு அது. மெஷின் ரிப்பேர் பார்க்கிற திருப்பூர்க்காரர் ஒருவர் நடத்தினார். ஆயிரக்கணக்கில் ஆட்கள். தையலைப் பற்றிக் கேட்டால் தையலைப் பற்றி மட்டும் பதில் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் யாருக்குத்தான் தையலை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியும்? ஒருத்தி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டு, கூடவே இன்றைக்கு என்ன குழம்பு என்றும் கேட்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அட்மின் தனியாக இன்னொரு குழு ஆரம்பித்தார். ‘இங்கே தையல் தவிர எதை வேண்டுமானாலும் பேசலாம்’ என்று மேலே எழுதி வைத்தார். அரட்டைக் குழு என்று நாங்கள் அதைச் சொல்வோம். நூறு பேர்கூட இல்லை. அதில் நான் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

யாருக்கும் முகம் கிடையாது. படம்தான் ஆள். ரோஜாப்பூ, கைக்குழந்தை, கத்தரிக்கோல், சிங்கம். நான் என் மெஷினின் படத்தை வைத்திருந்தேன். கடையநல்லூர் அக்கா ஒரு பச்சைத் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார். பள்ளிவாசல் இருக்கிற தெருவில் வீடு, சவுதியில் இருக்கிற கணவர், திருமணம் செய்துகொடுத்த ஒரு மகள், பதினைந்து வருடத் தையல். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரியும்.

ஆனால் அவர் எனக்குச் செய்த ஒரு காரியம் உண்டு. ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் பதினொன்றை மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும் என்கிற நிலையில் என் மெஷின் தையல் விட்டு விட்டு அடித்தது. குழுவில் அழாத குறையாக எழுதினேன். அக்கா உடனே வீடியோவில் கூப்பிட்டார். தன் முகத்தைக் காட்டவில்லை, என் மெஷினை மட்டும் காட்டச் சொன்னார்.

“ஊசியோட தட்டப் பக்கம் எங்கன இருக்கு, பாரு.”

பார்த்தேன். அவசரத்தில் ஊசியைத் திருப்பிப் போட்டிருந்தேன்.

“இதுக்கா இந்த ஒப்பாரி வச்ச?” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எனக்கு வெறும் கோப்பைப் படம் இல்லை.

அரட்டைக் குழுவில் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. சொதி என்றால் என்ன என்று கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி கேட்டுவிட்டாள். அது மூன்று நாள் ஓடியது. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டால் அது குருமாதானே என்று ஒருவர் எழுத, கடையநல்லூர் அக்கா, “சொதி தெரியாதவங்களுக்கு நான் இனிமே கட்டிங் சொல்லித் தரமாட்டேன்” என்று அறிவித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள், மழை எந்த ஊரில் எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குத் தேவதை உடுப்பு கேட்கிறார்களே அதை எந்தத் துணியில் தைப்பது, இப்படியே போகும். மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு கண்ணைப் போனில் வைத்திருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்தால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு தேர்தல் வந்தது.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் வரத் தொடங்கிய அதே வாரம் குழுவிலும் அது வந்துவிட்டது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதைப் பற்றி முதல் சண்டை. சிங்கம் படம் வைத்திருந்தவர் ‘ஓசி பஸ்’ என்று எழுதினார். ஓசியில் போகிறவர்களுக்கு நாட்டைப் பற்றி என்ன கவலை என்று கேட்டார்.

அதுவரை நான் அரசியல் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு எழுதினேன். என் அம்மா மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்க எப்போதாவதுதான் வருவாள், அதுவும் அப்பாவிடம் கேட்டுவிட்டு. இப்போது நினைத்த நாளில் பஸ் ஏறி வருகிறாள், யாரிடமும் கேட்பதில்லை. இதை ஓசி என்று சொல்கிறவர்கள் ஒருநாளாவது வீட்டில் கை நீட்டிக் கேட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார்களா என்று எழுதினேன். எழுத்துப்பிழைகளோடு அனுப்பினேன். அனுப்பியதும் நன்றாக இருந்தது.

அக்கா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசவில்லை.

“எங்க ஊருல அந்த பஸ்ஸு பொம்பளைகளப் பாத்தா நிக்காமயே போயிருது. ஓசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காசு தாரோம், நேரத்துக்கு வந்து நில்லுன்னு கேளு” என்று எழுதினார்.

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு மணி நேரம் எழுதினோம். நடுவில் அவர் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தார், நான் ஒரு சுடிதாரை வெட்டினேன். என் வாழ்க்கையில் யாரோடும் அப்படிச் சண்டை போட்டதில்லை. வீட்டில் சண்டை என்றால் யாராவது சாப்பிடாமல் படுத்துவிடுவார்கள். இந்தச் சண்டை முடிந்ததும் அக்கா, “நாளைக்கும் வா, பாக்கி இருக்கு” என்றார். எனக்கு ஏதோ படிப்புப் படித்தது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா குடிதண்ணீரைப் பற்றி எழுதினார். தன் தெருவில் தண்ணீர் வந்து நாளாகிறது, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் குடத்தைக் காட்டிக் கேட்கப் போகிறேன் என்று. நாலைந்து பேர் சிரித்தார்கள். குடத்தோடு போட்டோ போடுங்கள் அக்கா என்று ஒருத்தி எழுதினாள்.

அப்போது சிங்கம் எழுதினார்: “தண்ணி பத்தலன்னா உங்க ஆளுங்க சம்பாதிக்கிற நாட்டுக்கே போயிட வேண்டியதுதான. இங்க கேள்வி கேக்குற உரிமை எங்களுக்குத்தான்.”

குழு அப்படியே நின்றுவிட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் போல. கொஞ்ச நேரத்தில் அட்மின் ஒரு படம் போட்டார். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட், தோளில் உப்பலாகப் பஃப் வைத்த கை. ‘இந்த மாடல் எப்படி இருக்கு?’ என்று கேட்டார். ஒரே நிமிடத்தில் ஹார்ட்டுகள் விழுந்தன. முப்பதுக்கு மேல். எல்லோருக்கும் மூச்சு வந்தது போல.

நானும் ஒன்று போட்டேன்.

மறுநாள் மதியம் அக்கா எழுதினார்: “எல்லாரும் நல்லா இருங்க.” அடுத்த வரியில் அவர் வெளியேறினார் என்று காட்டியது. போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தனியாகச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை. நாலு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாவது நாள் காலையில் கடைக் கதவைச் சாத்திவிட்டு, புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

விலாசம் தெரியாது. பள்ளிவாசல் இருக்கிற தெரு என்று எப்போதோ சொல்லியிருந்தார். அந்த ஊரில் பள்ளிவாசல் இல்லாத தெருவைத் தேடினால்தான் கஷ்டம் என்பது இறங்கிய பிறகுதான் புரிந்தது. ஜாக்கெட் தைக்கிற அக்கா, கணவர் சவுதியில் இருக்கிறார் என்று கேட்டால் ஒரு மருந்துக்கடைக்காரர் சிரித்தார். “இங்கன பாதி வீடு அப்படித்தாம்மா” என்றார். கடைசியில் ஒரு நூல் கடையில் விசாரித்தேன். தண்ணிக்காக எல்லோரோடும் மல்லுக்கு நிற்கிறவர் என்று சொன்னதும் உடனே வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

கதவைத் திறந்தவர் நான் நினைத்தது போல இல்லை. நல்ல உயரம். முன் தலை நரைத்திருந்தது. கழுத்தில் டேப் தொங்கியது.

“நான்தான் அக்கா. சங்கரன்கோவில் மெஷின்.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உள்ள வா” என்றார். உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

“அந்த ஆளு அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அக்கா” என்று நான் ஆரம்பித்தேன்.

“அவன் சொன்னத நான் சின்ன வயசுலேருந்து கேக்கேன். பஸ்ஸுல கேட்டிருக்கேன், ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேன். அதுல எனக்குப் புதுசு ஒண்ணும் இல்ல. அதுக்குப் பெறவு அந்த பஃப் கை வந்துச்சுல்லா? அதுக்கு யார் யாரு ஹார்ட் போட்டாங்கன்னு ஒண்ணு ஒண்ணாப் பாத்தேன். உன் மெஷின் படமும் அதுல இருந்துச்சு.”

பயமாக இருந்தது என்று சொல்லலாம். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. முகம்கூடத் தெரியாதவர்கள். அவர்களுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“தப்புத்தான்” என்றேன்.

“தப்புத்தான்” என்று அவரும் சொன்னார். ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். மீன் குழம்பு. “வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போ” என்றார்.

சாப்பிடும்போது, “நான் குழுவுல கேக்கப் போறேன் அக்கா” என்றேன்.

“எனக்காவக் கேக்காத. நான் அங்க திரும்பி வரமாட்டேன். உனக்குக் கேக்கணும்னு தோணுனா கேளு.”

திரும்பி வரும்போது பஸ் புளியங்குடியில் நின்றது. எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே போனை எடுத்து எழுதத் தொடங்கினேன். சங்கரன்கோவில் வந்து சேரும்போது முடித்துவிட்டேன். குழுவில் இப்படிப் போட்டேன்:

“போன வாரம் சிங்கம் படம் வைத்திருக்கிறவர் கடையநல்லூர் அக்காவை நாட்டை விட்டுப் போகச் சொன்னார். அது தப்பு. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாமும் கேட்க வேண்டும். அக்கா நமக்கெல்லாம் கட்டிங் சொல்லிக் கொடுத்தார். அவரைப் போகச் சொன்னபோது நாம் ஜாக்கெட் படத்துக்கு ஹார்ட் போட்டோம். நானும் போட்டேன். தண்ணீர் கேட்கிற உரிமை அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற எல்லோருக்கும் உண்டு.”

அட்மின் உடனே வந்தார். “இங்கே அரசியல் வேண்டாம் சகோதரி” என்றார்.

“தையல் தவிர எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நீங்கள்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். அரசியல் எந்தத் தையலில் வருகிறது?” என்று கேட்டேன். சிங்கம் அப்படிச் சொன்னபோது அரசியல் அல்ல, நான் கேட்டால் மட்டும் அரசியலா என்றும் கேட்டேன். இரண்டு பேர் எனக்குக் கட்டை விரல் போட்டார்கள். ஒருவர் உடனே எடுத்துவிட்டார்.

சிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. எப்போதும் எழுதுகிறவர், அன்றைக்கு எழுதி முடிக்கிற அளவுக்குப் பொறுமை இல்லாமல் குரலில் பேசி அனுப்பினார். போட்டுக் கேட்டேன்.

“இந்தா பாரும்மா, நாங்க பேசுனா பேசுனதுதான். மன்னிப்பெல்லாம் கிடையாது. விளங்குதா, விளங்கலையா?”

விளங்குதா, விளங்கலையா. பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: “அண்ணாச்சி, இந்த மாம்பழ மஞ்சளுக்கு லைனிங் இருக்கா?”

மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். அந்தக் குரலை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிற குரல், விலை சொல்லி முடிக்கும்போதும் இதே ‘விளங்குதா, விளங்கலையா’தான். கோயிலுக்குப் போகிற வீதியில் நான் லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்குகிற கடைக்காரர்.

அவரைப் போல மரியாதையான கடைக்காரர் ஊரில் இல்லை. போனதும் ஸ்டூலை இழுத்துப் போடுவார். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நாம் கொண்டுபோன துணியை வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்து, அதே நிறத்தில் லைனிங் கிடைக்கிற வரைக்கும் இருபது கட்டுகளைப் பிரிப்பார். அலுத்துக்கொள்ளவே மாட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். கையில் ஒரு எலுமிச்சை நிறச் சேலை. கடையில் புர்கா போட்ட ஒரு அம்மா கறுப்பு லேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஒவ்வொரு சுருளாக எடுத்து விரித்துக் காட்டினார். “இது சாயம் போகாதும்மா, நான் பொறுப்பு” என்றார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிற வரை நின்றிருந்தேன். அவருக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுத்து அவரையும் நோகடிக்க எனக்கு மனமில்லை.

“வா தங்கச்சி, உக்காரு.”

“உக்காரல அண்ணாச்சி. குழுவுல அந்தச் சிங்கம் நீங்கதான?”

கையில் இருந்த லேஸ் சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முழுக்கச் சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அந்த மெஷினு நீயா?”

“நான்தான்.”

“அது அரசியல் பேச்சு தங்கச்சி. அதுல நாலு வார்த்த அப்படி இப்படி வரத்தான் செய்யும். அதக் கடை வரைக்கும் கொண்டாரலாமா?”

“இப்ப லேஸ் வாங்கிட்டுப் போனாகளே, அவுககிட்ட அந்த வார்த்தையச் சொல்லுவியளா?”

“அவுக நம்ம வாடிக்கை. அவுககிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்?”

“அப்ப முகம் தெரியாத பொம்பளைன்னா சொல்லலாமா? நேர்ல சொல்ல முடியாதத அங்கன எதுக்குச் சொல்லுதிய?”

அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

“ஒங்க வீட்டுக்காரரு எந்த செட்டுல வேலை பாக்காருன்னு எனக்குத் தெரியும். அந்த முதலாளியும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க.”

“தெரிஞ்சா நல்லதுதான். அவுக அந்த செட்டுல தறிக்கு வேலை பாக்காக. எம் பேச்சுக்கு அவுக வேலை பாக்கல.”

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் நான் துணி வாங்க வந்திருந்தேன்.

“இந்தச் சேலைக்கு லைனிங் ஒரு மீட்டர் எடுங்க” என்றேன்.

எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை. நானே வாங்கி வாசலுக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தேன். நிறம் சேரவில்லை. “அடுத்த கட்டப் பிரிங்க” என்றேன். நாலாவது கட்டில் சேர்ந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே செய்தி செட்டுக்குப் போய்விட்டது. மூன்றரை மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? முதலாளி கூப்பிட்டுக் கேக்காரு. ஓம் பொண்டாட்டி கட்சிக்கு ஆளு சேக்காளான்னு.”

போனைத் திறந்து, சண்டை தொடங்கிய இடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “முதல்ல வாசிங்க. பெறவு ஏசுங்க.”

அவர் மெதுவாக வாசிக்கிறவர். உதடு அசையும். சோற்றை எடுத்து வைத்தேன். ஆறிக்கொண்டிருந்தது. பஸ் சண்டையை வாசித்தார். தண்ணீர் விஷயத்தை வாசித்தார். குரலையும் போட்டுக் கேட்டார். நான் எழுதியதை இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சிங்கத்தின் கட்சிதான் இவர் கட்சியும். கல்யாணமான நாளிலிருந்து அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறார். என்னையும் போடச் சொல்வார். நான் போட்டேனா என்று அவர் கேட்டதில்லை.

கடைசியில் போனைக் கீழே வைத்தார்.

“நானும் அவரு கட்சிதான். அதுக்காவ ஒரு பொம்பளையப் பாத்து நாட்ட விட்டுப் போன்னா சொல்லுவாங்க?”

பிறகு, கை கழுவ எழுந்தவர், நின்று சொன்னார்: “உரிமைக்கு வல்லின ‘றி’ போட்டிருக்க. சின்ன ‘ரி’ வரும். அத மாத்து. அதையும் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பானுவ.”

மாற்றினேன்.

மறுநாள் அவர் முதலாளியிடம் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. அதே செட்டில் வேலை பார்க்கிறவரின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. ‘அவ கேட்டது நியாயம் முதலாளி, நானே வாசிச்சேன்’ என்றாராம். அதற்கு இவரை அடிக்கடி நின்றுபோகிற பழைய தறிகள் இருக்கிற வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். தினமும் எண்ணெய்க் கையோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனால் எழுதியதை அழிக்கத் தோன்றவில்லை.

அழிக்கச் சொல்லித்தான் அட்மின் தனியாகப் பேசினார். குரல் நல்ல குரல். குழு அமைதியாகப் போக வேண்டும், பழைய ஆட்கள் வருத்தப்படுகிறார்கள், நீங்கள் எழுதியதை நீங்களே எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றார். சிங்கம் எழுதியதை எடுக்கச் சொன்னீர்களா என்று கேட்டேன். “அது பழசு ஆயிடுச்சே” என்றார்.

“பழசாகட்டும்னு விட்டதே நீங்கதான அண்ணே. பஃப் கையப் போட்டு மூடுனது யாரு?”

சண்டை வரக் கூடாது என்றுதான் போட்டேன் என்றார். அதை நான் நம்புகிறேன். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் மனம் நோகாமல் குழுவை நடத்த ஆசைப்பட்டார். அக்காவுக்கு நொந்தது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் இரண்டு குழுக்களிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார். கை வெட்டப் பழகுவதற்காகக் குழுவிலேயே நான் குறித்து வைத்திருந்த படங்களும் போயின.

கடைக்காரர் யார் என்பதை நான் குழுவில் எழுதவில்லை. பயத்தினால் இல்லை. முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. அந்தக் கடைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ராஜபாளையத்தில் போய் வாங்கிக்கொள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் எதற்கு ஊர் மாற வேண்டும்? வாரம் இரண்டு தடவை போகிறேன். தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஸ்டூலும் கிடையாது. நின்றுகொண்டே கேட்கிறேன், கட்டுகளைப் பிரிக்கச் சொல்கிறேன், வெயிலில் நானே பார்க்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சிங்கம் படத்தை மட்டும் மாற்றிவிட்டார் என்று குழுவில் இருக்கிற ஒருத்தி சொன்னாள். இப்போது முருகன் படமாம்.

என்னை நீக்கிய பிறகு கூட்டமாக எல்லோரும் வெளியே வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வந்தது ஐந்து பேர். கோயம்புத்தூர்க்காரி அதில் ஒருத்தி. ‘நானும் ஹார்ட் போட்டேன், தூக்கம் வரல’ என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள், குழம்பும் மழையும் பேசுகிறார்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு புதுக் குழு ஆரம்பித்தோம். அக்காவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே கேட்டார்.

“அங்கன என்ன சட்டம் வச்சிருக்கிய?”

“ஒண்ணே ஒண்ணுதான். யாரையும் ஊர விட்டுப் போன்னு சொல்லக் கூடாது.”

“அரசியல்?”

“அதப் பேசத்தான ஆரம்பிச்சதே.”

வந்தார். வந்த முதல் நாளே, அம்மாமார் பஸ்ஸில் வருவதைப் பற்றி நான் எழுதியது பாதிதான் சரி என்று ஆரம்பித்தார். பஸ் நிற்காத ஊரில் இருக்கிறவளுக்கு என்ன உரிமை வந்தது என்று கேட்டார். இந்தத் தடவை என்னிடம் பாதி பதில்தான் இருந்தது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுதினேன்.

ஓட்டுப் போடுகிற நாளன்று காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். வீட்டுக்காரர் ஆண்கள் வரிசையில் நின்றார். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஜாக்கெட் கழுத்தை எவ்வளவு இறக்கலாம் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கேட்டார்.

“யாருக்குட்டி போட்ட?”

சொன்னேன். “வெளங்கிரும்” என்றார். ஆனால் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், அக்கா மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கூடவே யாருக்குப் போட்டார் என்றும், ஏன் என்றும், ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நான் போட்டவருக்கு நேர் எதிரானவர். காரணங்களில் மூன்றாவது முழுக்கத் தவறு என்று எனக்குப் பட்டது. தைக்க ஆறு ஜாக்கெட் கிடந்தது. மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மூன்றாவது காரணத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.